நினைவில் நிற்கும் கல்வி

முன்னர் பூனா என வழங்கிய புனே நகரில் பண்டார்கர் கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ளது. வடமொழிப் பேரறிஞர் ராமகிருஷ்ண கோபால் பண்டார்கருக்கு எண்பது வயது நிறைந்த நாளாகிய 1917 ஜூலை 6 அன்று அது நிறுவப்பெற்றது. அங்குப் பேணப்படும் சுவடிகளுள் ரிக் வேதச் சுவடிகள் 30 உள்ளன. அவற்றுள் ஒன்று பூர்ஜ மரப்பட்டையில் சாரதா லிபியில் எழுதப்பெற்றது. இம்முப்பது சுவடிகளையும் யுனெஸ்கோ நிறுவனம் 2007-ஆம் ஆண்டில் ‘உலகின் நினைவு’ என்னும் தன் பதிவேட்டில் சேர்த்தது.

இச்சுவடிகளுள் மிகப் பழமையானது 1464-ஆம் ஆண்டினது. ரிக் வேதமோ அதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக முற்பட்டது. அந்நெடுங்காலத்தின் பெரும்பகுதியில் அதன் 1,028 சூக்தங்களையும் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து வந்தது மனிதரின் நினைவேயாகும். ‘உலகின் நினைவு’ என்னும் பெயர் இந்நூலுக்கு நேர்பொருளிலேயே பொருந்துகிறது.

அதே நிலையத்தில் மற்றொரு பெரும்பணியும் நடைபெற்றது. மகாபாரதத்தின் ஆய்வுப் பதிப்பு 1919-இல் தொடங்கப்பெற்று 1966-இல் நிறைவெய்தியது. அதன்பொருட்டு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பெற்ற 1,259 சுவடிகள் ஒப்பிடப்பெற்றன. வட நாட்டுச் சுவடியில் உள்ள பகுதி தென்னாட்டுச் சுவடியில் இல்லை. தென்னாட்டுக் கிரந்தச் சுவடியில் உள்ள நீண்ட வருணனை வடக்கே காணப்படவில்லை. எது மூலத்துக்கு நெருங்கியது என முடிவு செய்ய அறிஞர் ஒரு தலைமுறைக் காலம் உழைக்க வேண்டியிருந்தது. ரிக் வேதத்திலோ காசுமீரத்துச் சுவடிக்கும் தென்னாட்டார் ஓதும் பாடத்துக்கும் இடையே வேறுபாடுகள் மிகச் சிலவே.

இரண்டும் வாய்வழியாக வளர்ந்த நூல்கள். அவ்வாறிருக்க, ஒன்று ஊருக்கு ஊர் மாறியதும் மற்றொன்று மாறாது நின்றதும் எவ்வாறு? இக்கேள்வி நூலாராய்ச்சியோடு நில்லாமல், ஒவ்வொரு வகுப்பறைக்கும் பயன்படும் விடையைத் தருகிறது.

கதை நினைவும் சொல் நினைவும்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரெடெரிக் பார்ட்லெட் என்னும் உளவியலறிஞர், வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதையொன்றை மாணவர்க்குப் படிக்கக் கொடுத்து, பின்னர் பல்வேறு இடைவெளிகளில் அதனைத் திரும்ப எழுதச் செய்தார். அவருடைய முடிவுகள் 1932-இல் நூலாக வெளிவந்தன. மாணவர் எழுதிய கதை ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாக மாறியது. அவர்களுக்குப் பழக்கமில்லாத ‘கேனூ’ என்னும் ஓடம் சாதாரணப் படகாயிற்று. விளங்காத செய்திகள் விடுபட்டன. பொருத்தமான காரணங்கள் புதிதாகச் சேர்ந்தன. மாணவர் எவரும் பொய் சொல்லவில்லை. கதையின் சாரத்தை மட்டும் நினைவிற்கொண்டு, எஞ்சியதைத் தம் அறிவைக் கொண்டு அவர்கள் மீண்டும் கட்டியமைத்தனர்.

மனித நினைவின் இயல்பு இதுவே. அது ஒளிப்படம் போன்றதன்று. ஒரு நிகழ்ச்சியை நினைக்குந்தோறும் நாம் அதனைப் புதிதாகக் கட்டுகிறோம். கதை சொல்வோர் வாயிலாகப் பரவிய மகாபாரதம் வளர்ந்தும் மாறியும் வந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. நினைவின் இவ்வியல்பும் அவற்றுள் ஒன்று எனக் கொள்ளலாம்.

வேதம் ஓதுவோர் இவ்வியல்பைத் தடுக்கவே தனி முறைகளை அமைத்தனர். முதலில் தொடர்ந்த பாடத்தை ஓதுவர். இது சம்ஹிதை. பின்னர்ச் சந்தி பிரித்துத் தனித்தனிச் சொற்களாக ஓதுவர். இது பதபாடம். அடுத்து இரண்டிரண்டு சொற்களாக இணைப்பது கிரமம். ஒன்று இரண்டு, இரண்டு ஒன்று, ஒன்று இரண்டு எனப் பின்னுவது ஜடை. ஒன்று இரண்டு, இரண்டு ஒன்று, ஒன்று இரண்டு மூன்று, மூன்று இரண்டு ஒன்று, ஒன்று இரண்டு மூன்று என விரிவது கனம். கனபாடத்தை முற்றக் கற்றவரையே கனபாடிகள் என்று தமிழ்நாட்டில் அழைக்கிறோம். ஒரே சொல் முன்னும் பின்னும் அண்டைச் சொற்களோடு பலமுறை பிணைக்கப்படுவதால், ஒரு சொல்லோ ஒலியோ பிறழ்ந்தால் பிழை உடனே வெளிப்பட்டுவிடும். உதாத்தம், அனுதாத்தம், சுவரிதம் என்னும் ஒலி ஏற்றத்தாழ்வுகளும் அவ்வாறே காவலாக நிற்கின்றன.

மூளையில் நிகழ்வது யாது?

நினைவு மூன்று நிலைகளில் அமைகிறது: செய்தியைப் பதித்தல், பதிந்ததைப் பேணல், வேண்டும்போது மீட்டல். ‘ஞாபகமில்லை’ என்னும் மாணவனிடத்தில் இம்மூன்றுள் எது குறைபட்டது என்று ஆராய்வதே ஆசிரியரின் முதற்கடமை. கவனமின்மையால் பதியாமற் போயிருக்கலாம். பதிந்தது நாளடைவில் தேய்ந்திருக்கலாம். உள்ளே இருந்தும் மீட்கும் வழி புலப்படாமலிருக்கலாம்.

பதித்தலுக்கு ஓர் எல்லை உண்டு. ஒரே நேரத்தில் மனம் தாங்கக்கூடிய செய்திக்கூறுகள் ஏழு அளவில் உள்ளன என அமெரிக்க உளவியலறிஞர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதினார். பிற்கால ஆய்வுகள் அதனை நான்கு அளவாகக் குறைத்துள்ளன. ஆயினும் ஒரு கூறு எத்துணைப் பெரியது என்பது பழக்கத்தைப் பொறுத்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைக்கு ‘வயல்’ என்பது மூன்று கூறுகள். படிக்கத் தெரிந்தவருக்கு அது ஒன்றே. எனவே ஒரே பாடவேளையில் பத்துப் புதிய செய்திகளை அடுக்குவது ஆசிரியருக்கு நிறைவைத் தரலாமே யன்றி மாணவருக்குப் பயன் தராது.

பேணலில் மூளையின் பக்கப் பகுதிக்குள் கடற்குதிரை வடிவில் அமைந்த ஹிப்போகேம்பஸ் என்னும் உறுப்பு இன்றியமையாத பங்கு வகிக்கிறது. 1953-ஆம் ஆண்டில் ஹென்றி மொலைசன் என்னும் அமெரிக்க இளைஞரின் வலிப்பு நோயைத் தணிக்கும் பொருட்டு, இருபுறத்து ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியும் அகற்றப்பெற்றது. வலிப்புத் தணிந்தது. ஆனால் அவரால் புதிய நிகழ்ச்சி எதனையும் நினைவிற்கொள்ள இயலவில்லை. சற்று முன் சந்தித்தவரையும் புதியவராகவே கருதினார். எனினும் கண்ணாடியில் பார்த்து உருவம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் அவர் கைத்திறம் தேறியது. தாம் பயின்றதே அவருக்கு நினைவில்லை! கைப்பழக்கத்தின் நினைவும் நிகழ்ச்சிகளின் நினைவும் வெவ்வேறு வழிகளில் அமைகின்றன என்பது இதனால் விளங்கிற்று.

நரம்பணுக்கள் சந்திக்கும் இணைப்புகள் பயன்படுந்தோறும் வலுப்பெறுகின்றன. அடுத்தடுத்து விரைவாகத் தூண்டப்பெற்ற இணைப்புகளின் வலிமை நெடுநேரம் நீடிப்பதை ஆஸ்லோ நகரில் பிளிஸ், லோமோ என்னும் இருவர் முயலின் மூளையில் கண்டு 1973-இல் வெளியிட்டனர். வயல் வரப்பில் பலரும் நடந்து நடந்து ஒற்றையடிப் பாதை உண்டாவதை இதற்கு உவமையாகக் கூறலாம். நடப்பார் இல்லையேல் புல் மூடிவிடும்.

மறதியின் அளவு

மறதியை முதன்முதலில் அளந்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்காஸ். பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, குறித்த காலம் கழித்து, அவற்றைத் திரும்பக் கற்க எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று கணக்கிட்டார். 1885-இல் வெளியான அவருடைய கணக்குப்படி, 20 நிமிடத்தில் மிச்சம் 58 விழுக்காடாகவும், ஒரு நாளில் 34 விழுக்காடாகவும் குறைந்தது. ஆனால் 31 நாட்களுக்குப் பின்னும் 21 விழுக்காடு எஞ்சியிருந்தது. மறதி முதல் நாளிலேயே பெரும்பாலும் நிகழ்ந்துவிடுகிறது. பின்னர் அதன் வேகம் தணிகிறது. பொருளுள்ள பாடம் இவ்வளவு விரைவில் மறவாது எனினும் மறதியின் போக்கு அதுவே. நேற்றுக் கற்பித்தது இன்று மாணவனுக்கு நினைவில்லையெனில், அது மந்த புத்தியின் அடையாளம் அன்று. மனித மூளையின் பொதுவிதி.

மறதியைத் தடுக்கும் வழி யாது? ‘மீண்டும் படி’ என்பதே வழக்கமான விடை. ஆராய்ச்சி வேறொன்றைக் கூறுகிறது.

சந்தையும் பரவசாவும்

வேதபாடசாலையில் ஆசிரியர் ஒருமுறை சொல்ல, மாணாக்கர் இருமுறை திருப்பிச் சொல்வதைத் தமிழ்நாட்டில் ‘சந்தை’ என்பர். மராத்தியிலும் ஏறக்குறைய அதே ஒலியில் ‘ஸந்தா’ என்னும் சொல் வழங்குகிறது. இம்முறையில் மாணாக்கன் கையில் ஏடில்லை. காதால் கேட்டதை அவன் தன் நினைவிலிருந்தே எடுத்துச் சொல்ல வேண்டும். தவறினால் ஆசிரியர் அந்த இடத்திலேயே திருத்துவார். முன்னர்க் கற்ற பகுதிகளை நாள்தோறும் முறைவைத்து ஓதியும் வர வேண்டும்.

மகாராஷ்டிர இல்லங்களில் ‘பரவசா’ என்னும் பழைய வழக்கம் உண்டு. அந்தி விளக்கேற்றியபின் குழந்தைகள் வாய்பாடுகளை உரக்கச் சொல்லுவர். முழு எண்களோடு நில்லாமல், கால் வாய்பாடாகிய பாவ்கி, அரை வாய்பாடாகிய நிம்கி, முக்கால் வாய்பாடாகிய பாவுண்கி, ஒன்றேகால், ஒன்றரை வாய்பாடுகள் ஆகியனவும் அதில் அடங்கும். நம் திண்ணைப் பள்ளிகளின் எண்சுவடியும் இத்தகையதே. மாலையில் பள்ளி கலையும்போது உபாத்தியாயர் ஒவ்வொரு சிறுவனுக்கும் ஒரு பூவின் பெயரையோ பறவையின் பெயரையோ சொல்லியனுப்பி மறுநாட் காலையில் அதனைக் கேட்கும் வழக்கமும் நம் நாட்டில் இருந்தது.

இவற்றின் பொதுத்தன்மை யாதெனில், கற்றதை மீண்டும் பாராமல் மீட்டுச் சொல்வதாகும். பண்டார்கர் நிலையம் நிறுவப்பெற்ற அதே 1917-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆர்தர் கேட்ஸ் இதனைப் பள்ளிப் பிள்ளைகளிடம் சோதித்தார். கிடைத்த நேரம் முழுவதும் படித்துக்கொண்டேயிருந்த பிள்ளைகளைக் காட்டிலும், நேரத்தின் பெரும்பகுதியைப் பாராமல் சொல்லிப் பார்ப்பதில் செலவிட்டவர் மிகுதியாக நினைவிற்கொண்டனர். 1939-இல் ஹெர்பர்ட் ஸ்பிட்ஸர் என்பவர் அயோவா மாநிலத்தில் ஆறாம் வகுப்பு மாணவர் 3,605 பேருக்குக் கட்டுரை கொடுத்துச் சோதித்தார். படித்தவுடன் ஒரு சிறு தேர்வு எழுதிய குழுவினர், வாரங்கள் சென்ற பின்னும் ஏனையோரினும் நன்கு நினைவிற்கொண்டிருந்தனர்.

2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் நடத்திய சோதனை இன்னும் தெளிவானது. கல்லூரி மாணவர் சிலர் ஒரு பகுதியை இருமுறை படித்தனர். வேறு சிலர் ஒருமுறை படித்து ஒருமுறை பாராமல் எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, இருமுறை படித்தவரே முந்தினர்: 81 விழுக்காடு, மற்றவர் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழாயிற்று: இருமுறை படித்தவர் 42 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர் 56.

மாணவர் ஏமாறுவது இங்கேதான். மீண்டும் மீண்டும் படிக்கும்போது பாடம் பழகிய முகம் போலத் தோன்றுகிறது. தெரிந்துவிட்டதென்று மனம் நிறைவடைகிறது. புத்தகத்தை மூடிச் சொல்ல முயல்வதோ கடினமாக இருக்கிறது. அக்கடினமே நினைவை வலுப்படுத்துகிறது. உரமிட்டவுடன் பயிர் விளைந்துவிட்டதாக எந்த உழவரும் கருதுவதில்லை. படித்தவுடன் கற்றுவிட்டதாக மாணவர் கருதுவதும் அத்தகைய பிழையே.

இடைவெளியும் உறக்கமும்

ஒரே நாளில் மூன்று மணி நேரம் படிப்பதைவிட, மூன்று நாட்களில் ஒவ்வொரு மணி நேரம் படிப்பது மேலானது. இடைவெளியின் அளவு, எவ்வளவு காலம் நினைவு வேண்டும் என்பதைப் பொறுத்தது. ஒரு வாரம் நினைவிருக்க ஒரு நாள் இடைவெளியும், ஓராண்டு நினைவிருக்க மூன்று வாரம் அளவில் இடைவெளியும் ஏற்றவை என 2008-இல் வெளியான பெரும் ஆய்வொன்று காட்டியது.

கணக்குகளைக் கலந்து பயிற்றுவதும் நன்று. ஒரே வகைக் கணக்கைத் தொடர்ந்து செய்த மாணவர் பயிற்சியின்போது 89 விழுக்காடு சரியாகச் செய்து, ஒரு வாரம் கழித்து 20 விழுக்காட்டுக்கு இறங்கினர். வகைகளைக் கலந்து செய்தவர் பயிற்சியில் 60 விழுக்காடே பெற்றனர். ஆனால் தேர்வில் 63 விழுக்காடு பெற்றனர். 2007-இல் ரோரர், டெய்லர் என்போர் கண்ட முடிவு இது. எந்தக் கணக்குக்கு எந்த வழி என்று தேர்ந்தெடுக்கும் பயிற்சி கலந்து செய்தவருக்கே கிடைத்தது.

உறக்கம் வீண்காலம் அன்று. கற்றபின் உறங்கியவர், அதே நேரம் விழித்திருந்தவரைவிடக் குறைவாகவே மறக்கின்றனர் என்பது 1924-இலேயே ஜென்கின்ஸ், டாலன்பாக் ஆகியோரால் காட்டப்பெற்றது. பகலில் பதிந்தவை உறக்கத்தின்போது மூளையில் நிலைப்படுத்தப்படுகின்றன என்று பிற்கால ஆராய்ச்சி விளக்குகிறது. பரீட்சைக்கு முந்திய இரவு முழுதும் கண்விழிக்கும் மாணவன், தான் சேர்த்ததைத் தானே சிதறவிடுகிறான்.

பயிற்சி மூளையை மாற்றுமா?

சுக்கில யஜுர் வேதத்தை மனப்பாடமாக ஓதும் பண்டிதர் 21 பேரின் மூளைகளும், அப்பயிற்சி பெறாத 21 பேரின் மூளைகளும் ஹரியானா மாநிலம் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தின் ஒத்துழைப்புடன் எம்.ஆர்.ஐ. படம் எடுத்து ஒப்பிடப்பெற்றன. 2016-இல் வெளியான அவ்வாய்வின்படி, மொழிக்கும் ஒலிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகள் பலவற்றில் பண்டிதரின் சாம்பல் நிறப் பொருள் மிகுந்து காணப்பட்டது. ஆயினும் பயிற்சியால் மூளை மாறியதா, அத்தகைய மூளை வாய்த்தவரே அக்கல்வியில் நிலைத்தனரா என்பதை ஒருமுறை எடுத்த படத்தால் தீர்மானிக்க இயலாது. லண்டன் நகரின் தெருக்களை எல்லாம் மனத்திற் பதித்துத் தேர்ச்சி பெறும் டாக்சி ஓட்டுநர்களைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஆராய்ந்து 2011-இல் வெளியான ஆய்வோ, தேர்ச்சி பெற்றவரிடத்தில் ஹிப்போகேம்பஸின் பின்பகுதி வளர்ந்ததைக் காட்டியது. வயது வந்தோரின் மூளையும் பயிற்சிக்கு இணங்கும் என்பதற்கு இது தக்க சான்று.

பொருளும் உரிமையும்

மனப்பாடத்தை மட்டும் போற்றுவது தவறாகும். பொருளறியாது வேதம் ஓதுபவனைச் சுமை தாங்கும் கட்டைக்கு ஒப்பிட்டது யாஸ்கரின் நிருக்தமே. வேதபாடசாலையின் நோக்கம் ஓர் ஒலியும் பிறழாமல் காப்பது. அதற்கு ஏற்ற முறையை அது கண்டது. பொதுக் கல்வியின் நோக்கம் புரிந்துகொண்டு பயன்படுத்துவது. எனவே முறையின் உயிர்நாடியாகிய மீட்டலை ஏற்றுக்கொண்டு, கேள்வியை மாற்ற வேண்டும். ‘இலக்கணத்தைச் சொல்’ என்பதோடு, ‘இது ஏன் இவ்வாறு ஆயிற்று? உன் ஊரில் இதற்கு எடுத்துக்காட்டு யாது?’ என்றும் கேட்டல் வேண்டும். புதிய செய்தி முன்னறிந்த செய்தியோடு பிணைக்கப்படும்போதே நிலைபெறும்.

மற்றொரு குறையும் சிந்திக்கத்தக்கது. அப்பழைய நினைவுக்கலை சாதியாலும் பாலாலும் வேலியிடப்பட்டிருந்தது. அதே புனேயில், புதவார்ப் பேட்டையின் பிடே வாடா என்னும் கட்டடத்தில், 1848-ஆம் ஆண்டு ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் புலேயும் பெண்களுக்கெனப் பள்ளி தொடங்கினர். 1882-இல் ஹண்டர் கல்விக் குழுவின்முன் ஜோதிராவ் அளித்த அறிக்கையில், பன்னிரண்டு வயதளவேனும் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் எனக் கேட்டார். கற்கும் ஆற்றல் குலத்தால் வருவதன்று, வாய்ப்பாலும் பயிற்சியாலும் வருவது என்பது இன்று மூளை ஆராய்ச்சிக்கும் உடன்பாடே. கற்கும் முறையை அறியாமல் ‘எனக்குப் படிப்பு வராது’ என்று பள்ளியை விட்டு நீங்கும் சிறுமிக்கு, அம்முறையைச் சொல்லிக்கொடுப்பது புலே தம்பதியர் தொடங்கிய பணியின் தொடர்ச்சியாகும்.

ஆசிரியரும் களப்பணியாளரும் செய்யத்தக்கவை

வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில், நேற்றைய பாடத்திலிருந்து இரண்டும், சென்ற வாரத்திலிருந்து ஒன்றும், சென்ற மாதத்திலிருந்து ஒன்றுமாக நான்கு கேள்விகள் கேட்கலாம். எல்லா மாணவரும் சிலேட்டிலோ தாளிலோ விடை எழுதட்டும். கை தூக்குபவரை மட்டும் கேட்டால் மற்றவர் மீட்கும் முயற்சியே செய்யார். மதிப்பெண் இட வேண்டா. அச்சம் நினைவுக்குப் பகை. பிழையை உடனே திருத்துதல் மட்டும் தவறக் கூடாது. திருத்தாத பிழையும் மீட்க மீட்க உறுதிப்படும்.

களப்பணியாளருக்கு அண்டை நாடாகிய வங்காள தேசம் ஒரு நல்ல பாடம் தருகிறது. வயிற்றுப்போக்கால் குழந்தைகள் மடிவதைத் தடுக்க, 1980 முதல் 1990 வரை பிராக் என்னும் நிறுவனத்தின் பணியாளர் வீடு வீடாகச் சென்று, உப்பும் வெல்லமும் நீரும் கலந்து கரைசல் செய்யும் முறையைத் தாய்மாருக்குக் கற்பித்தனர். ஒரு கோடியே இருபது லட்சம் குடும்பங்களை அவர்கள் அடைந்தனர். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார் பலர். எனவே மூன்று விரலால் எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் நீர் என்று கையளவாகவே சொல்லி, அவர்களையே கலக்கச் செய்து, நினைவிற்கொள்ள வேண்டிய செய்திகளையும் அவர்கள் வாயாலேயே சொல்லச் செய்தனர். சில வாரம் கழித்து வேறொருவர் சென்று தாய்மார் சிலரைக் கேட்பார். அவர்கள் எவ்வளவு நினைவிற்கொண்டிருந்தனரோ அதற்கேற்பவே கற்பித்த பணியாளரின் ஊதியம் அமைந்தது. உப்பு மிகுந்தால் குழந்தைக்குத் தீங்கு. ஆகவே நினைவின் துல்லியம் அங்கு உயிர் காக்கும் பொருளாயிற்று.

விதை நேர்த்தியையோ தடுப்பூசி அட்டவணையையோ விளக்கிய பின், ‘விளங்கிற்றா?’ என்று கேட்டால் ‘விளங்கிற்று’ என்றே எவரும் கூறுவர். அதற்கு மாறாக, ‘வீட்டில் உள்ளவர்களுக்கு இதை எப்படிச் சொல்வீர்கள்? எனக்கு ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள்’ என்று கேட்டல் வேண்டும். அடுத்த முறை அவ்வூருக்குச் செல்லும்போது புதிய செய்தியைத் தொடங்குமுன் பழையதைக் கேட்டல் வேண்டும். மூன்று செய்திகளுக்கு மேல் ஒரே நாளில் சொல்லாதிருத்தல் நலம்.

இவற்றுள் எதற்கும் தனிச் செலவோ கருவியோ வேண்டியதில்லை. ஏடில்லாத காலத்தில் ஒரு பெருநூலைச் சொல் பிறழாது காத்த முறை, இன்று புத்தகத்தை மூடிவைத்து ஒரு நிமிடம் சிந்திக்கும் எந்தச் சிறுவனுக்கும் சிறுமிக்கும் எட்டக்கூடியது. நாளைக் காலை வகுப்பைத் தொடங்கும் ஆசிரியர், பாடப்புத்தகத்தைத் திறக்கச் சொல்வதற்கு முன், நேற்றுக் கற்றதைச் சொல்லுமாறு கேட்பாராக. முதல் சில நாட்களில் விடை குறைவாகவே வரும். சில வாரங்களில் வேறுபாட்டை ஆசிரியரும் மாணவரும் உணர்வர்.